சிரிப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு: லூயிஸ் ஜோர்டனும் அவருடைய சின்ன பேண்டும்

1946 கடைசியில் அமெரிக்காவின் டெக்கா நிறுவனம் ஒரு 78 வேக இசைத்தட்டை விற்பனைக்கு விட்டது. அதன் ஒரு பக்கத்தில் ‘எய்ன்ட் நோபடி ஹியர் பட் அஸ் சிக்கன்ஸ்’. ராத்திரியில் கோழிக்கூட்டில் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு வருகிறான் ஒரு பண்ணைக்காரன். உள்ளே கோழிகளைத் தவிர யாரும் இல்லை, தூங்க விடு என்று கூட்டுக்குள்ளிருந்து பதில் வருகிறது. மறுபக்கத்தில் ‘லெட் த குட் டைம்ஸ் ரோல்’. கோழிப் பாட்டு, கறுப்பின இசைக்கென்று பில்போர்டு பத்திரிகை வெளியிட்ட பட்டியலில் 17 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. மறுபக்கப் பாட்டு இன்றுவரை ப்ளூஸ் மேடைகளில் ஒலிக்கிறது.

பாடியவரும் பேண்டை நடத்தியவரும் லூயிஸ் ஜோர்டன். ஆனால் மறுபக்கத்து லேபிளில் பாடலாசிரியர்களாக அச்சாகியிருந்த பெயர்கள் சாம் தியார்ட், ஃப்ளீசி மூர். முதலாமவர் நகைச்சுவைக் கலைஞர், பாட்டும் எழுதுபவர். இரண்டாமவர் ஜோர்டனின் மனைவி. இசைத் தொழிலுக்கு வெளியே இருந்தவர்.

ஜோர்டனைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக ராக் அண்ட் ரோலின் தாத்தா என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பட்டம் தப்பில்லை. ஆனால் 1942 முதல் 1950 வரை அவர் எப்படி 18 பாட்டுகளை அந்தப் பட்டியலின் உச்சியில் வைத்தார், மொத்தம் 113 வாரம் முதலிடத்தை எப்படிப் பிடித்துவைத்திருந்தார் என்பதற்குப் பட்டத்தில் விடை இல்லை. அவர் நடத்தியது ஒரு சிக்கனமான தொழில். ஆட்களின் எண்ணிக்கை, பாட்டின் நீளம், பயணச் செலவு எல்லாவற்றிலும் கணக்காக இருந்தவர், கடைசியில் ஒரு கையெழுத்தில் கோட்டைவிட்டார்.

ஜோர்டன் 1908 ஜூலை 8 அன்று ஆர்க்கன்சா மாநிலத்தின் பிரிங்க்லி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஆரன் ஜோர்டன் ஊர் பித்தளை பேண்டின் தலைவர், இசை ஆசிரியர். மகனுக்கு முதலில் கையில் கொடுத்தது கிளாரினெட்; சாக்ஸபோன் பிறகு வந்தது. ‘ராபிட் ஃபுட் மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற கூடாரக் கலைக்குழுவின் பேண்டையும் அப்பா நடத்தினார், பையனும் கூடவே போனான். பாட்டு, ஆட்டம், கோமாளிக் கூத்து எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும் இடம் அது. வாத்தியம் சுத்தமாக வாசித்தால் மட்டும் அங்கே போதாது. கூடாரத்தின் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் வார்த்தை புரிய வேண்டும், முகபாவம் தெரிய வேண்டும். ஜோர்டனின் பிற்காலப் பாட்டுகளில் ஒவ்வொரு சொல்லும் பிசிறில்லாமல் காதில் விழுவதற்கு இந்தப் பயிற்சியைத்தான் காரணமாகச் சொல்ல முடியும்.

பிலடெல்பியா வழியாக நியூயார்க் வந்து, 1936-ல் சிக் வெப் பேண்டில் சேர்ந்தார். ஹார்லெமின் சவாய் நடன அரங்கத்தை ஆண்ட பேண்டு அது. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அங்கேதான் பாடிக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் வரிசையில் ஒருவராக இருந்துகொண்டு, அவ்வப்போது ஒரு பாட்டும் பாடுவது ஜோர்டனின் வேலை. 1938-ல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். தனி பேண்டு தொடங்கும் எண்ணத்தில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டையும் வேறு சிலரையும் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவில் இருந்த ‘எல்க்ஸ் ராந்தேவூ’ என்ற விடுதியில் சின்னக் குழு ஒன்றோடு உட்கார்ந்தார். 1938 டிசம்பரில் டெக்காவுக்கு முதல் பதிவு. சீக்கிரமே குழுவின் பெயர் ‘டிம்பனி ஃபைவ்’ ஆனது. டிரம்ஸ் வாசித்த வால்டர் மார்ட்டின் மேடையில் டிம்பனி என்ற பெரிய செம்பு முரசுகளையும் வைத்திருந்ததால் வந்த பெயர். ‘ஃபைவ்’ என்பதை நம்ப வேண்டாம். பல வருடங்களில் ஆறு, ஏழு, அதற்கு மேலும் இருந்தார்கள். எத்தனை பேர் வந்தாலும் பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்தக் காலத்து ஸ்விங் (நடனத்துக்கான ஜாஸ்) பேண்டில் சுமார் பதினைந்து பதினாறு பேர்: நான்கைந்து சாக்ஸபோன், மூன்று நான்கு டிரம்பெட், இரண்டு மூன்று டிராம்போன், பியானோ, கித்தார், பாஸ், டிரம்ஸ், பாடகர். இதை ஜோர்டன் எப்படிச் சுருக்கினார் என்பது கவனித்துக் கேட்டால் பிடிபடும். ஊதுகருவி மூன்றுதான்: டிரம்பெட், ஆல்ட்டோ சாக்ஸபோன், டெனர் சாக்ஸபோன். மூன்றும் நெருக்கமான ஸ்வரங்களில் சேர்ந்து ஊதினால் ஒரு முழுக் கோர்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கிடைத்துவிடும். பெரிய பேண்டின் பத்துப் பன்னிரண்டு ஊதுகுழல்களும் பெரும்பாலும் அதே கோர்டைத்தான் இரட்டித்துத் தடிமனாக்கின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆல்ட்டோ வாசிப்பவர் ஜோர்டன், பாடுபவரும் அவரே. பாடும்போது ஊத முடியாது, மூன்று இரண்டாகிவிடும். அந்த ஓட்டையை மூன்று விதமாக அடைத்தார்கள். பாடல் வரிகளுக்கு அடியில் டிரம்பெட்டும் டெனரும் ரிஃப் எனப்படும் குட்டிக் குட்டி இசைத் துணுக்குகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கும். வரி முடியும் இடத்தில் பேண்டுக்காரர்களே கோரஸாகப் பதில் குரல் கொடுப்பார்கள். நடுவில் இரண்டு சுற்று ஜோர்டன் வாயை மைக்கிலிருந்து எடுத்து ஆல்ட்டோவில் வைப்பார். அப்போதுதான் பேண்டின் முழுச் சத்தமும் வெளிப்படும். பாட்டின் பாதியில் ஒரு கதவு திறந்த மாதிரி இருக்குமே, அது இதனால்தான். நம் ஊரில் ஆல்ட்டோ என்றால் கத்ரி கோபால்நாத்தின் வழுக்கும் கமகங்கள் நினைவுக்கு வரும். ஜோர்டனுடைய ஆல்ட்டோ வேறு ரகம்: தடித்த, சற்றே கரகரத்த, நேராகப் பேசுகிற ஒலி. பிற்காலத்தில் டெனர் மேதையான சானி ரோலின்ஸுக்குச் சிறு வயதில் சாக்ஸபோன் ஆசையை மூட்டியது இந்த ஒலிதான்.

அடுத்தது தாளம். ஜோர்டனின் பாட்டுகளில் பெரும்பாலானவை ‘ஷஃபிள்’ என்ற நடையில் ஓடுபவை. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரியில் புரியும்: நான்கு அடித் தாளம், ஒவ்வொரு அடியும் திஸ்ரம். தகிட, தகிட, தகிட, தகிட என்று சொல்லிக்கொண்டே நடுவில் வரும் ‘கி’யை மட்டும் ஊமையாக்குங்கள். மிச்சமிருக்கும் ‘த—ட த—ட’தான் ஷஃபிள். நான்கு அடிக்கு எட்டு ஒலி. பியானோவின் இடது கை அந்த எட்டையும் விடாமல் வாசித்தால் பூகி-வூகி.

சொல்ல எளிது, வாசிக்கும்போது இரண்டு இடத்தில் கெடும். ‘ட’ கொஞ்சம் முன்னால் விழுந்தால் இரண்டும் சம இடைவெளியாகி அணிவகுப்புப் பாட்டு போல விறைத்துப்போகும். வேகத்தைக் கூட்டிவிட்டால் பாடகருக்கு வார்த்தை மெல்ல இடமிருக்காது. இந்தக் குழுவின் பாட்டுகள் கேட்பதற்குப் பறப்பது போல இருந்தாலும், ஆடுபவர் மூச்சு வாங்காமல் ஆடக்கூடிய வேகத்தில்தான் பல பதிவாகியிருக்கின்றன. டிரம்ஸ் முன்னால் தள்ள, ஜோர்டன் ஒரு மயிரிழை பின்தங்கிப் பாடுவார். நகைச்சுவை பிறப்பது அந்த இடைவெளியில்.

பாட்டின் அச்சு பெரும்பாலும் பன்னிரண்டு பார் ப்ளூஸ். பார் என்றால் தாளத்தின் ஓர் ஆவர்த்தனம்: 12 பார், பாருக்கு 4 அடி, ஆக 48 அடி ஒரு சுற்று. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 18 வினாடி. 10 அங்குல 78 தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம் கொள்ளும். பத்துச் சுற்று. அதில் முன்னிசைக்கு ஒன்று, சாக்ஸபோனுக்கு இரண்டு, முடிப்புக்கு ஒன்று போனால் கதை சொல்ல ஆறு. ஆறு சுற்றில் ஒரு ஆளை அறிமுகப்படுத்தி, வம்பில் மாட்டவைத்து, சிரிக்கவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். பெரிய பேண்டுகளின் தட்டில் முதல் நிமிடம் முழுக்க வாத்தியம் வாசித்துவிட்டுத்தான் பாடகர் எழுந்திருப்பார். ஜோர்டனிடம் அந்த ஆடம்பரம் இல்லை.

கதை அடங்காத பாட்டும் வந்தது. 1949 ஆகஸ்ட்டில் பதிவான ‘சாட்டர்டே நைட் ஃபிஷ் ஃப்ரை’ ஐந்து நிமிடத்துக்கு மேல் போனதால், தட்டின் இரு பக்கமும் பாதி பாதியாக வந்தது. நியூ ஆர்லியன்ஸில் சனிக்கிழமை ராத்திரி மீன் பொரித்து விருந்து. ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது போலீஸ் ரெய்டு. விருந்தாளி சிறையில் விழிக்கிறான். காசு போட்டால் தட்டு பாடும் பெட்டியான ஜூக்பாக்ஸில் முழுக் கதையும் கேட்க இரண்டு தடவை காசு போட வேண்டும். அப்படியும் 12 வாரம் முதலிடம்.

மேடை நகைச்சுவை கைக்கு வந்தது நியூயார்க்கில் அல்ல. 1941 வாக்கில் முகவர் பெர்ல் ஆடம்ஸ் அவரைச் சிகாகோவின் கேபிடல் லவுஞ்சுக்கு அனுப்பினார். அங்கே தலைமை நிகழ்ச்சி மில்ஸ் பிரதர்ஸ், ஜோர்டன் இடைவேளைக்கு. பிறகு அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் என்ற சிறு நகரத்தில் ‘ஃபாக்ஸ் ஹெட் டேவர்ன்’ என்ற மதுவிடுதி. பெருநகர விமர்சகர் யாரும் எட்டிப்பார்க்காத அந்த இடத்தில் வேடிக்கைப் பாட்டுகளையும் தொப்பி, முழி, நடை எல்லாவற்றையும் பயமில்லாமல் சோதித்துப் பார்க்க முடிந்தது. பின்னாளில் இதுவே வழக்கமானது: புதுப் பாட்டைச் சுற்றுப்பயணத்தில் வாசித்துப் பார்ப்பது, கூட்டம் எந்த வரிக்குச் சிரிக்கிறது என்று கவனிப்பது, சிரிக்காத சுற்றை வெட்டுவது, அதற்குப் பிறகே ஸ்டுடியோவுக்குப் போவது. டெக்காவின் தயாரிப்பாளர் மில்ட் கேப்ளரிடம் வந்துசேரும்போது பாட்டு பழுத்திருக்கும்.

காலமும் கைகொடுத்தது. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் எல்லாத் தட்டு நிறுவனங்களுக்கும் எதிராகப் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஜூலையில், ஜோர்டன் ஒரு கட்டுப் பாட்டுகளைப் பதிவுசெய்து முடித்திருந்தார். அதிலிருந்து வந்த, குடியை நிறுத்தி என்ன பயன் என்று கேட்கும் பாட்டு முதலிடம் பிடித்தது. டெக்கா 1943 செப்டம்பரில் சங்கத்தோடு சமாதானமாகிவிட்டது. அக்டோபரிலேயே ஜோர்டன் ஸ்டுடியோவில் இருந்தார். போட்டி நிறுவனங்களான விக்டரும் கொலம்பியாவும் இறங்கிவர 1944 நவம்பர் ஆனது. ஓராண்டுக்கு மேல் பெரும் போட்டியாளர்கள் பலர் வாய்கட்டி நிற்க, அவர் கடை மட்டும் திறந்திருந்தது. ‘ரேஷன் ப்ளூஸ்’, ‘இஸ் யூ இஸ் ஆர் இஸ் யூ எய்ன்ட் மை பேபி’, ‘ஜி.ஐ. ஜைவ்’ எல்லாம் இந்த இடைவெளியில் வந்தவை. முதல் இரண்டும் வெள்ளையர்களின் நாட்டுப்புற இசைப் பட்டியலிலும் முதலிடம் போயின. மூன்றாவது பொதுப் பட்டியலில் முதலிடம்.

போர்க்காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன், பேருந்து வாடகைக்குக் கட்டுப்பாடு, 1944-ல் இரவு விடுதிகளுக்கு முதலில் 30, பிறகு 20 சதவீத வரி. பதினாறு பேரோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு ஒவ்வொன்றும் பதினாறு மடங்கு வலி. ஏழு பேரோடு போகிறவர் தாங்கிக்கொள்வார். 1946 டிசம்பரில் பென்னி குட்மன், டாமி டோர்சி, ஹாரி ஜேம்ஸ், வுடி ஹெர்மன் உட்பட எட்டுப் பெரிய பேண்டுகள் சில வார இடைவெளியில் கலைந்தன. அதே குளிர்காலத்தில்தான் கோழிப் பாட்டு பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

படங்களையும் சுற்றுப்பயணத்துக்கு விளம்பரமாக்கினார். 1945-ல் ‘கால்டோனியா’ என்ற குறும்படம், அதற்குப் பின் ‘பிவேர்’, ‘ரீட், பெட்டீட் அண்ட் கான்’, கௌபாய் தொப்பியோடு ‘லுக்-அவுட் சிஸ்டர்’ ஆகியவை கறுப்பின மக்களுக்கான திரையரங்குகளை நோக்கி எடுக்கப்பட்டவை. குறும்படத்திலிருந்து பாட்டுகளைத் துண்டாக வெட்டி ‘சவுண்டீஸ்’ ஆக்கினார்கள். பனோராம் என்ற திரை வைத்த பெட்டியில் 10 சென்ட் போட்டால் ஒரு பாட்டுப் படம் ஓடும். ஒரு சுருளில் எட்டுப் படம், வரிசைப்படிதான் வரும். பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஜோர்டனைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முறை வரும்வரை காசு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனி அந்தக் கையெழுத்து. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஒரு தட்டில் ஒரு பாட்டுக்கு நிறுவனம் தர வேண்டிய உச்சத் தொகை 2 சென்ட். அதைப் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளரும் பாடலாசிரியரும் பாதிப் பாதியாகப் பிரிப்பது வழக்கம். இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்கு அரை சென்ட். பத்து லட்சம் தட்டு விற்றால் ஒற்றை ஆசிரியருக்கு 10,000 டாலர். பின்பக்கப் பாட்டுக்கும் இதே கணக்கு. முன்பக்கப் பாட்டைக் கேட்டுத்தான் ஜனம் தட்டை வாங்கியது என்றாலும், பின்பக்கத்து ஆசிரியருக்கு அதே காசு போகும். கோழிப் பாட்டின் முதுகில் சவாரி செய்த ‘லெட் த குட் டைம்ஸ் ரோல்’ அப்படித்தான் சம்பாதித்தது. அதே சட்டத்தில் ஜூக்பாக்ஸுக்கு ஒரு விலக்கும் இருந்தது: பெட்டிக்குள் 5 சென்ட் போட்டு எத்தனை லட்சம் தடவை கேட்டாலும் பாடலாசிரியருக்கு ஒரு காசும் கிடையாது. வானொலியில் ஒலித்தால் ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் வரும். பாடியவருக்கு எதுவும் இல்லை. ஜூக்பாக்ஸ் ராஜா என்று அழைக்கப்பட்டவருக்கு ஜூக்பாக்ஸிலிருந்து நேரடியாகக் கிடைத்தது புகழ்தான். அந்தப் புகழை மேடைக் கட்டணமாக மாற்றிக்கொண்டார்.

ஆக, நீண்ட காலத்துக்கு வருமானம் தரக்கூடிய ஒரே இடம் லேபிளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தப் பெயர். ஜோர்டன் ஏற்கெனவே ஒரு பதிப்பாளரோடு ஒப்பந்தத்தில் இருந்தார். அவர் பெயரில் வெளியாகும் பாட்டு அங்கேதான் போயாக வேண்டும். அதைச் சுற்றிப்போக, வேறு பதிப்பாளரிடம் கொடுத்த பாட்டுகளில் மனைவி ஃப்ளீசி மூரின் பெயரைப் போட்டார். ‘கால்டோனியா’ முழுக்க அவர் பெயரில் பதிவானது. வீட்டுக்குள்தானே பணம் வருகிறது என்ற எண்ணம். வீடு நிலைக்கவில்லை. 1947 தொடக்கத்தில் நடந்த சண்டையில் மனைவி கத்தியால் குத்தி, ஜோர்டன் மருத்துவமனையில் கிடந்தார். பிறகு சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். விவாகரத்துக்குப் பிறகும் அந்தப் பாட்டுகளின் உரிமை ஃப்ளீசியிடமே நின்றது. வுடி ஹெர்மனும் எர்ஸ்கின் ஹாக்கின்ஸும் ‘கால்டோனியா’வைப் பதிவுசெய்தபோதும், 1959-ல் ரே சார்லஸ் ‘லெட் த குட் டைம்ஸ் ரோல்’ பாடியபோதும் காசு போன திசை லேபிளைப் பார்த்தால் தெரியும். ஃப்ளீசியை வில்லியாக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒப்பந்தத்தை ஏமாற்றப் போட்ட ஏற்பாடு, போட்டவரையே ஏமாற்றியது. காகிதத்தில் அது ஃப்ளீசியின் சொத்துதான்.

நகைச்சுவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாஸ் விமர்சகர்கள் பல காலம் ஜோர்டனைக் கோமாளி என்று ஒதுக்கினார்கள். கோழி, மீன் வறுவல், குடி என்று வெள்ளையர்கள் கறுப்பினத்தவரைக் கிண்டலடிக்கப் பயன்படுத்திய அதே பொருட்களை வைத்துப் பாடுகிறாரே என்ற சங்கடமும் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டுகளில் சிரிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள். ‘சூ சூ சு’பூகி’யில் வேலை தேடி ஊருக்கு வந்தவன், கைத்தொழில் தெரிந்தவனுக்குத்தான் இடம் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு ரயில் பாதைக்கே திரும்புகிறான். 1946-ல் 18 வாரம் முதலிடத்தில் இருந்த அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் எத்தனையோ பேர் அதே நிலையில் இருந்தவர்கள். பெண்களைக் கேலி செய்யும் பாட்டுகள் மட்டும் இன்று கேட்கும்போது அலுப்பூட்டுகின்றன. அதை மழுப்ப வேண்டியதில்லை.

1951-ல் ஜோர்டன் பெரிய பேண்டு ஒன்றைக் கட்டினார். சின்னதாக இருந்ததால் ஜெயித்தவர், மற்றவர்கள் கலைத்துவிட்டுப் போன அமைப்பைக் கையில் எடுத்தார். செலவு கூடியது, உடம்பு ஒத்துழைக்கவில்லை, அது நிற்கவில்லை. 1954-ல் டெக்காவிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஏப்ரலில் மில்ட் கேப்ளர் அதே நிறுவனத்துக்காக ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலியை வைத்து ‘ராக் அரவுண்ட் த க்ளாக்’ பதிவுசெய்தார். ஜோர்டனின் ஷஃபிளைத்தான் ஹேலி குழுவுக்குச் சொல்லிக்கொடுத்ததாகக் கேப்ளரே பின்னால் ஒப்புக்கொண்டார். 1946-ல் ஜோர்டன் பாடிய ‘எய்ன்ட் தட் ஜஸ்ட் லைக் எ உமன்’ பாட்டின் தொடக்கத்தில் கார்ல் ஹோகன் வாசித்த மின்கித்தார் துணுக்கையும், 1958-ல் வந்த சக் பெரியின் ‘ஜானி பி. கூட்’ தொடக்கத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் விளக்க வேண்டியதில்லை. அலாடின், ஆர்.சி.ஏ.வின் கிளை நிறுவனம், மெர்க்குரி, ரே சார்லஸின் டேஞ்சரின் என்று நிறுவனம் மாறிக்கொண்டே போய், 1975 பிப்ரவரி 4 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மாரடைப்பால் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் ஏறியது 1987-ல்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடும். இணையத்தில் அவர் பெயரில் கிடைக்கும் தொகுப்புகளில் இரண்டு விதமான ‘கால்டோனியா’, இரண்டு விதமான ‘சூ சூ சு’பூகி’ உண்டு. 1956-ல் மெர்க்குரிக்காகக் குவின்ஸி ஜோன்ஸின் இசைக்கோர்ப்பில் பழைய வெற்றிகளைத் திரும்பப் பாடினார்; மிக்கி பேக்கரின் கித்தாரும் சாம் டெய்லரின் டெனரும் சேர்ந்து அவை ராக் அண்ட் ரோல் காலத்து முறுக்கோடு இருக்கும். மோசமில்லை, ஆனால் இடைவெளி குறைவு, சத்தம் அதிகம். மேலே சொன்ன த—ட நடையும், இரண்டு ஊதுகுழல் அடக்கி வாசிக்கப் பாடல் வரி மேலே மிதப்பதும் டெக்கா பதிவுகளில்தான் இருக்கின்றன. தொகுப்பின் விவரத்தில் டெக்கா என்றும் 1938-க்கும் 1954-க்கும் இடைப்பட்ட ஆண்டும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.